முதலில் மூக்கைப் பாருங்கள்

வாயும் பல்லும்: வாசகர் கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பல் வைத்தியர் பதில் சொல்கிறார்

இந்த முறை பல்லுக்கொதி பற்றிய கடிதங்கள் குறைவு. வாயைத் திறந்தபடி உறங்கும் பிள்ளைகள், குறட்டை, தீராத மூக்கடைப்பு என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். சோளகம் தொடங்கித் தூசி கிளம்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற விடயம் இது. ஆகவே இந்தப் பக்கங்களை முழுவதும் இதற்கே தந்துவிடுகிறேன்.

*கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எந்நேரமும் வாயைத் திறந்தபடியே இருப்பான். "வாயை மூடடா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரவில் பெரிய ஆள் மாதிரிக் குறட்டை விடுகிறான். புதிதாக முளைத்த முன்பற்கள் வெளியே தள்ளி நிற்கின்றன. வகுப்பில் கவனமில்லை என்று ரீச்சர் சொல்கிறா. பல்லுக்குக் கம்பி போட்டால் சரிவருமா?*
*— ஒரு தாய், சுன்னாகம்*

தங்கச்சி, இன்றிலிருந்து அவனை அதட்டுவதை நிறுத்துங்கள். எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று வாயைத் திறந்து வைத்திருப்பதில்லை. மூக்கால் காற்றுப் போதாதபோது உடம்பு தானாகவே வாயைத் திறக்கிறது. "வாயை மூடு" என்றால் அவனுக்கு அது "மூச்சை அடக்கு" என்பதுதான். இரண்டு நிமிடம் மூடுவான், பிறகு திறந்துவிடுவான். அதற்குப் பேச்சும் வாங்குவான்.

இப்படி ஒரு பிள்ளை கதிரையில் வந்து ஏறியதும் நான் பல்லைப் பார்ப்பதில்லை. பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து மூக்குத் துவாரங்களுக்குக் கீழே படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, "சாதாரணமாக மூச்சு விடு ராசா" என்பேன். மூக்கு நன்றாக இருந்தால் கண்ணாடியில் இரண்டு பக்கமும் புகார் படியும். சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் படியும். சிலருக்கு எதுவுமே படியாது. அந்தத் தெளிந்த கண்ணாடியைத் தாய்மாருக்குக் காட்டினால் அதன் பிறகு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. வீட்டில் நீங்களும் ஒரு முகக்கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். தடிமன் இல்லாத நாளாகப் பாருங்கள்.

அதன் பிறகு உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல்லீறைப் பார்ப்பேன். வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு மேல் முன்பற்களைச் சுற்றிய முரசு மட்டும் சிவந்து, வீங்கி, பளபளவென்று இருக்கும். கடைவாய்ப் பக்கம் நல்ல முரசாக இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டு எச்சில் காய்கிற இடம் அதுதான். எச்சில் வெறும் ஈரம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பல்லில் உண்டாகும் அமிலத்தைத் தணித்து, கரைந்த கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது அது. எங்கள் எல்லோருக்கும் உறக்கத்தில் எச்சில் சுரப்பு மிகக் குறைந்துவிடும். அந்தக் கொஞ்சத்தையும் இரவு முழுக்கக் காய விட்டால் சூத்தைப் பல்லுக்கும் வாய்நாற்றத்துக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக மேலண்ணம். உங்கள் மகனை அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். அகன்று தட்டையாக வளைந்திருக்க வேண்டிய அண்ணம், ஓலைக் குடிலின் முகடு மாதிரி ஒடுங்கி உயர்ந்திருந்தால், வாயால் மூச்சு விடுவது நெடுநாளாக நடக்கிறது என்று ஊகிக்கலாம். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்கிற மேல்தாடையை உள்ளிருந்து அகலமாக வைத்திருப்பது அந்த நாக்குத்தான். வாய் திறந்தால் நாக்குக் கீழே இறங்கிவிடும். கன்னங்கள் மட்டும் வெளியிலிருந்து அமுக்க, தாடை ஒடுங்குகிறது, பற்களுக்கு இடம் போதாமல் முன்பற்கள் தள்ளுகின்றன. முகமும் நீளமாக வளரத் தொடங்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். வாயின் கூரைதான் மூக்கின் தரை. அண்ணம் ஒடுங்கி உயர்ந்தால் மூக்கின் வழியும் சேர்ந்து ஒடுங்கும். அதனால் மூச்சு இன்னும் சிரமமாகும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் ஏகில் ஹார்வோல்ட் என்ற பல்சீரமைப்பு ஆராய்ச்சியாளர் இளம் குரங்குகளின் மூக்கை சிலிக்கோன் அடைப்பான்களால் அடைத்துப் பார்த்து 1981 இல் முடிவை எழுதினார். நேராக வளர வேண்டிய பற்களும் தாடைகளும் ஒவ்வொரு குரங்கிலும் ஒவ்வொரு விதமாகக் கோணின. பாவப்பட்ட உயிர்கள். இப்படி ஒரு பரிசோதனையை இன்று மனம் ஒப்பிச் செய்ய முடியாது. ஆனால் மூக்கு அடைபட்டால் முகம் மாறும் என்று அது ஐயமில்லாமல் காட்டியது.

சரி, மூக்கை அடைத்திருப்பது என்ன? ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு காரணங்களை முதலில் தேடுவோம். ஒன்று அடினொயிட். உள்நாக்குக்கு மேலே, மூக்கின் பின்வாசலில் இருக்கும் சதை. 1868 இல் கோப்பன்ஹேகனில் வில்ஹெம் மேயர் என்ற வைத்தியர்தான் அது வளர்ந்து பிள்ளைகளின் மூச்சையும் காதையும் கெடுப்பதை விளக்கி எழுதினார். மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் அது பெருத்திருக்கும், பதின்ம வயதில் சுருங்கிவிடும். "வளர வளரச் சரிவந்துவிடும்" என்று அயலில் சொல்வது அந்தச் சதையைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அதற்குள் ஒடுங்கி வளர்ந்து முடிந்த தாடை திரும்பி அகலமாக வளராது. பதினைந்து வயதில் முகம் நீண்டு, பற்கள் நெருங்கி, சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கையில், ஏழு வயதில் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு நெஞ்சு வலிக்கும்.

இரண்டாவது ஒவ்வாமை. செம்மண் தூசி, நுளம்புத்திரிப் புகை, விறகடுப்பு, பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. காலையில் எழுந்ததும் தும்மல், கண்ணடியில் கருமை, மூக்கைக் கையால் மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். படுக்கை அறைக்குள் நுளம்புத்திரி வேண்டாம், வலை கட்டுங்கள்.

குறட்டை இருப்பதால் குடும்ப வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கி, பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். போகும் முன் அவன் உறங்குவதை இரண்டு மூன்று நிமிடம் போனில் படமெடுத்து வையுங்கள். குறட்டை இடையில் நின்று, மூச்சு இல்லாமல் கிடந்து, திடுக்கிட்டு இழுக்கிறானா? கழுத்தைப் பின்னுக்கு முறித்துப் படுக்கிறானா? வியர்க்கிறதா? படுக்கையில் சிறுநீர் போகிறதா? இதெல்லாம் அங்கே கேட்பார்கள். வகுப்பில் கவனமில்லை என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். இரவில் சரியாக உறங்காத பெரியவர் பகலில் தூங்கி விழுவார். பிள்ளைகள் பலர் அதற்குப் பதிலாகத் துடியாட்டம் போடுவார்கள், சினப்பார்கள், எழுதியதை மறப்பார்கள். அதற்கும் அவர்கள் அடி வாங்குகிறார்கள்.

சத்திரசிகிச்சை என்றதும் பயப்படாதீர்கள், அவசரப்படவும் வேண்டாம். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2013 இல் வந்தது. தொண்டைச் சதையையும் அடினொயிட்டையும் எடுத்த பிள்ளைகளில் 79 வீதமானோரின் உறக்கம் ஏழு மாதத்தில் சீரானது. நடத்தையும் அன்றாட நலமும் மேம்பட்டன. எடுக்காமல் கவனித்துவந்தவர்களிலும் 46 வீதமானோர் தாமாகவே சரியானார்கள். ஆகவே எடுப்பதா, மூக்குக்குள் அடிக்கும் மருந்தோடு பார்த்திருப்பதா என்பதை உங்கள் மகனைச் சோதித்த வைத்தியர் முடிவு செய்யட்டும்.

கம்பி பற்றிக் கேட்டீர்கள். அது கடைசிப் படி. மூக்கைத் திறக்காமல் பல்லை இழுத்து நிறுத்தினால், கம்பியைக் கழற்றியதும் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும். மேல்தாடையின் நடுவில் இருக்கும் பொருத்து பதின்ம வயதில் இறுகிவிடும், அதற்கு முன் தாடையை அகலப்படுத்துவது சுலபம். உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

*கேள்வி: டொக்டர், உறங்கும்போது வாய்க்குப் பிளாஸ்டர் ஒட்டினால் குறட்டை நிற்கும், முகம் வடிவாகும் என்று யூரியூப்பில் பார்த்தேன். ஒட்டலாமா?*
*— பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி*

வேண்டாம் தம்பி. மூக்குக்கு வழியில்லாதவன் வாயையும் ஒட்டினால் மூச்சுக்கு எங்கே போவான்? இரவில் சத்தி வந்தால் என்ன செய்வான்? 2025 இல் 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. லேசான குறட்டைக்காரர் சிலருக்குச் சின்னப் பயன், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து, அவ்வளவுதான் அதில் தேறியது. தாடை எலும்பு வளர்ந்து முடிந்த வயதில் பிளாஸ்டர் முகத்தை மாற்றாது. குறட்டையோடு பகலில் விரிவுரையில் தூங்கி விழுகிறீர்கள் என்றால் உறக்கத்தில் மூச்சு நின்று போகும் வியாதி இருக்கிறதா என்று சோதியுங்கள். இளவயதிலும் வரும். இரத்த அழுத்தத்தை ஏற்றும், மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்ணை மூட வைக்கும். பிள்ளைகளுக்கு ஒட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவு செய்து இப்போதே விட்டுவிடுங்கள்.

*கேள்வி: மூக்கடைப்புக்கு பாமசியில் வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுகிறேன். விட்டால்தான் உறக்கம் வருகிறது. இப்போது கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவச் சொல்கிறார்கள். செய்யலாமா?*
*— வங்கி ஊழியர், உரும்பிராய்*

இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன். மூக்கை உடனே திறக்கும் அந்த வகைச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. மருந்தின் வேகம் இறங்கியதும் உள்ளே இருக்கும் சவ்வு முன்னையதைவிட வீங்கும். அதற்காக இன்னும் விடுவீர்கள், அது இன்னும் வீங்கும். உங்களுடைய மூக்கடைப்பு இப்போது பெரும்பாலும் மருந்தால் வந்ததாக இருக்கும். வைத்தியரிடம் கேட்டு, தினமும் பாவிக்கக்கூடிய ஸ்டீரோயிட் ஸ்ப்ரேக்கு மாறி இதைப் படிப்படியாக நிறுத்துங்கள். ஸ்ப்ரே அன்றே வேலை செய்யாது, கிழமைக்கணக்கில் பொறுக்க வேண்டும். அடிக்கும் முறையும் முக்கியம். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்து, நுனியை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வைத்து அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியும், மருந்தும் வீண்.

உப்புத் தண்ணீரால் கழுவுவது நல்லது. ஆனால் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடவே கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரைக் குடிக்கும். கேரளத்தில் அண்மைக் காலத்தில் அப்படிப் பல மரணங்கள் நடந்தன. அதே தண்ணீரைக் குடித்தால் அந்த வியாதி வராது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதிக்க வைத்து, ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆற வையுங்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படியும், அதனால் தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுங்கள். அரை லீற்றருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போதும். ஆவி பிடிப்பதைப் பற்றியும் பலர் எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் கவனமாகப் பிடிக்கலாம். பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேல் குனிய விடாதீர்கள்.

*கேள்வி: மூச்சுப் பயிற்சி வகுப்பில் வாயை மூடி "ம்ம்ம்" என்று முரலச் சொல்கிறார்கள். உண்மையில் பயன் உண்டா?*
*— ஓய்வுபெற்ற ஆசிரியை, பருத்தித்துறை*

உண்டு ரீச்சர். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயு ஓயாமல் உண்டாகிறது. மூக்கால் இழுக்கும் காற்றோடு அது நுரையீரலுக்குப் போய் இரத்தக் குழாய்களை விரித்து ஒட்சிசன் ஏற உதவுகிறது. வாயால் இழுத்தால் அந்தக் காற்றில் இது சேராது. இந்த வாயு உடம்பில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது. சுவீடனில் 2002 இல் அளந்து பார்த்தபோது, சும்மா மூச்சு விடுவதைவிட முரலும்போது மூக்கிலிருந்து இந்த வாயு 15 மடங்கு வெளிவந்தது. அதிர்வு எலும்பறைகளுக்குள் காற்றோட்டத்தைக் கூட்டுவதே காரணம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று எங்களுக்குள் போகிறது. அவ்வளவையும் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடித்து அனுப்பும் வேலை மூக்கினுடையது. முரலுங்கள். முட்டு (ஆஸ்துமா) மருந்தையோ பிறஷர் குளிசையையோ மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

*கேள்வி: நான் நாதஸ்வரம் வாசிப்பவன். மனைவி, "உங்களுடைய குறட்டைக்குத் தவிலும் தேவையில்லை" என்கிறாள். இவ்வளவு மூச்சுப் பிடித்து வாசிக்கிற எனக்கே குறட்டை வரலாமா?*
*— இணுவிலிலிருந்து ஒரு கலைஞர்*

வரலாம் ஐயா. எடை, கழுத்துச் சுற்றளவு, மது, மல்லாந்து படுப்பது என்று குறட்டைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் உங்கள் கடிதத்தை நான் மிகவும் மகிழ்ச்சியோடு வாசித்தேன், ஏனென்றால் கலையும் வைத்தியமும் சந்திக்கிற இடம் இது. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிஜெரிடூ என்ற நீண்ட குழலை, உறக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி உள்ள 25 பேரில் ஒரு பகுதியினருக்குச் சுவிற்சர்லாந்தில் பழக்கினார்கள். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுக்கிற அதே வித்தை. நான்கு மாதத்தில் வியாதியும் பகல் தூக்கமும் குறைந்ததாக 2006 இல் எழுதினார்கள். தொண்டையைச் சுற்றிய தசைகள் இறுகியதுதான் காரணம் என்றார்கள். நாக்கையும் தொண்டையையும் பழக்கும் பயிற்சிகள் பெரியவர்களின் மூச்சுத் தடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக 2015 இல் ஒரு தொகுப்பாய்வும் சொன்னது.

அதனால் வாசிப்பைக் கைவிடாதீர்கள். கச்சேரி முடிந்து நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதைக் கைவிடுங்கள். ஒருக்களித்துப் படுங்கள். உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். வருகிறது என்றால் பரிசோதனை வேண்டும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவியும் இருக்கிறது.

*கேள்வி: அம்மம்மாவுக்கு 81 வயது. வாய் காய்கிறது என்கிறா. சாப்பிடும்போது புரைக்கேறுகிறது. கட்டுப்பல்லை இரவிலும் கழற்றமாட்டா.*
*— பேத்தி, சாவகச்சேரி*

கட்டுப்பல்லைக் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் பிள்ளை. அழுக்கேறிய பல்லிலிருந்தும் நாக்கிலிருந்தும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கினால் நியூமோனியா வரும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் உணவுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்டதால் நியூமோனியா குறைந்ததை 1999 இல் காட்டினார்கள். 80 வயதிலும் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்று 1989 இலிருந்தே இயக்கம் நடத்தும் நாடு அது. அங்கே முதியவர்கள் சாப்பாட்டுக்கு முன் "பா, தா, கா, ரா" என்று உரத்துச் சொல்வார்கள். பா உதட்டுக்கு, தா நாக்கு நுனிக்கு, கா தொண்டைப் பக்கத்துக்கு, ரா நாக்கை மேலே தூக்க. அம்மம்மாவோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள்.

வாய் காய்வதற்கு அவ போடும் குளிசைகளும் காரணமாக இருக்கலாம். தடிமன் குளிசை, சில பிறஷர் குளிசை, மன அழுத்தக் குளிசை எல்லாம் எச்சிலைக் குறைக்கும். குளிசைத் துண்டுகளை ஒன்றாகக் கட்டிக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். புரைக்கேறுவது தொடர்ந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாடியை (மோவாயை) சற்றுத் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள்.

*கேள்வி: அப்பு வெற்றிலை பாக்கு புகையிலை போடுவார். இப்போது உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறது, கொட்டாவி விட வாய் திறக்குதில்லை என்கிறார். வயது போனால் இப்படித்தானா?*
*— பேரன், வட்டுக்கோட்டை*

இல்லை. வயதால் வாய் மூடிக்கொள்வதில்லை. அவருடைய சொந்த விரல் மூன்றை நிறுத்தி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று போகவில்லை என்றால் இந்த வாரமே கூட்டி வாருங்கள். பாக்கு கன்னத்துச் சவ்வை வெளிறி இறுகச் செய்யும். அந்த இறுக்கம் திரும்ப இளகுவது அரிது, அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்ந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்திவிட்டது. வரும்போது அவர் கொட்டைப்பெட்டியையும் கொண்டு வரட்டும், என்ன போடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

*கேள்வி: பிள்ளைக்குத் தாடை நன்றாக வளர என்ன சாப்பாடு கொடுக்கலாம்?*
*— இளம் தாய், கொடிகாமம்*

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். முலை உறிஞ்சும்போது நாக்கும் தாடையும் செய்யும் வேலை போத்தலில் கிடைக்காது. வெறும் சூப்பியை இரண்டு வயதுக்குள் மறக்கடியுங்கள். பல் முளைத்த பிறகு எல்லாவற்றையும் கரைத்தும் மசித்தும் ஊட்டாதீர்கள். பாணும் பிஸ்கற்றும் தேநீரில் தோய்த்தே வளர்கிற பிள்ளை மெல்லப் பழகாது. பனங்கிழங்கு அவித்து நார் உரித்துக் கொடுங்கள், கரட், கொய்யாக்காய், சோளம் கொடுங்கள். கடைவாய்ப் பல் முளைத்த பெரிய பிள்ளையானால் புழுக்கொடியலைக் கடிக்க விடுங்கள். ஆனால் நான்கு வயதுக்குள் கச்சான் முழுதாகக் கொடுக்கவே வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.